மாறாத மாறி!

எக்ஸ்எஸ்எல்டி மொழியில் வேரியபிளும் கண்டிஷனும்... ஒரு ரவுண்டு போகலாமா?

‘எக்ஸ் = எக்ஸ் + 1’

இந்த வரியை உங்க பிளஸ் டூ கணக்கு வாத்தியாரிடம் எழுதிக் காட்டுங்கள். “ரெண்டு பக்கமும் எக்ஸை அடிச்சா சைபரும் ஒண்ணும் சமம்னு வருது. எந்த ஊரு கணக்குடா இது?” என்று காதைத் திருகுவார். அதே வரியை காலேஜ் ‘சி’ லேபில் எழுதுங்கள். முழு மார்க்!

வாத்தியாருக்கு எக்ஸ் என்றால் ஒரு பெயர். எக்ஸ் 5 என்று ஒரு கணக்கில் சொல்லிவிட்டால், அந்தக் கணக்கு முடியும் வரை 5தான். ‘சி’ லேபில் எக்ஸ் என்றால் ஒரு டப்பா. இப்போ 5 இருக்கும், அடுத்த நிமிஷம் 6 இருக்கும். இந்தச் சண்டையில் வாத்தியார் பக்கம் நிற்கும் கம்ப்யூட்டர் மொழிகளும் உண்டு. அவற்றுக்கு ஃபங்ஷனல் மொழிகள் என்று பெயர். அந்தக் கட்சியில் பிறந்த ஸ்டைல்ஷீட் மொழிதான் நம்ம ஹீரோ எக்ஸ்எஸ்எல்டி.

வேரியபிளுக்குத் தமிழில் ‘மாறி’ என்று அழகாகப் பெயர் வைத்திருக்கிறோம். எக்ஸ்எஸ்எல்டியில் அந்த மாறி மாறவே மாறாது! ஒருமுறை மதிப்பு கொடுத்தால் கொடுத்ததுதான். திரும்ப அழித்து எழுத அந்த மொழியில் கட்டளையே கிடையாது. ‘சி’யும் ஜாவாவும் படித்துவிட்டு வருகிறவர்கள் முதல் வாரமே தலையைப் பிய்த்துக்கொள்வது இங்கேதான்.

யாருங்க இந்த ஹீரோ?

எக்ஸ்எம்எல் ஃபைலில் இருக்கும் தகவலை எடுத்து, ஹெச்டிஎம்எல் ஆகவோ, வேறு வடிவ எக்ஸ்எம்எல் ஆகவோ, வெறும் டெக்ஸ்ட் ஆகவோ மாற்றித் தருவது இதன் வேலை. 1999 நவம்பர் 16 அன்று டபிள்யூ3சி அமைப்பு இதன் 1.0 வெர்ஷனை வெளியிட்டது. எடிட்டர் ஜேம்ஸ் கிளார்க். இதற்கு ஒரு பெரியப்பா உண்டு. 1996-ல் ஐஎஸ்ஓ ஸ்டாண்டர்டாக வந்த டிஎஸ்எஸ்எஸ்எல். ‘ஸ்கீம்’ மொழியிலிருந்து, மதிப்பை மாற்றும் சமாச்சாரங்களை மட்டும் கழற்றிவிட்டு எடுக்கப்பட்டது அது. ‘மாற மாட்டேன்’ என்கிற பிடிவாதம் ரத்தத்திலேயே வந்தது!

2.0 வெர்ஷன் 2007 ஜனவரியிலும், 3.0 வெர்ஷன் 2017 ஜூனிலும் வந்தன. இரண்டுக்கும் எடிட்டர் மைக்கேல் கே. ‘சாக்சன்’ என்ற புகழ்பெற்ற பிராசசரை எழுதியவரும் இவரே.

“இதெல்லாம் இன்னுமா ஓடுது பாஸ்?” என்பீர்கள். பிரவுசருக்குள் இதன் காலம் முடிகிறது என்பது உண்மை. 2025-ல் குரோம் குழுவே அதை நீக்கும் திட்டத்தை அறிவித்துவிட்டது. ஆனால் பதிப்புத் துறையில் கதை வேறு. டாக்புக், டிட்டா, டிஇஐ என்று பெரிய பெரிய ஆவண வடிவங்களை புத்தகமாகவும் வெப் பக்கமாகவும் மாற்றுவதற்கு எக்ஸ்எஸ்எல்டிதான் ஓடுகிறது. வெளிநாட்டு ஆராய்ச்சி இதழ்களுக்குப் பக்கம் அமைத்துத் தரும் நிறுவனங்கள் சென்னையிலும் புதுச்சேரியிலும் இருக்கின்றன. எக்ஸ்எம்எல் அங்கே தினசரி சோறு.

அதைவிட முக்கியம், இந்த மொழி சொல்லித் தரும் சிந்தனை. அதை ஒரு ரிசல்ட் ஷீட்டை வைத்தே பார்ப்போம். ரிசல்ட் ஷீட்டில் தப்பு வந்தால் எங்கே வலிக்கும் என்பதை உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லையே!

முதல் அடி: உள்ளே போட்டது வெளியே இல்லை

மாணவரின் மார்க் 50 அல்லது அதற்கு மேல் என்றால் ‘பாஸ்’, இல்லாவிட்டால் ‘அரியர்’ என்று காட்ட வேண்டும். ‘சி’ பழக்கத்தில் நம்மாளு இப்படித்தான் யோசிப்பார்...

முடிவு = ‘அரியர்’
இஃப் (மார்க் >= 50)
    முடிவு = ‘பாஸ்’
முடிவை அச்சிடு

முதல் வரியை ஸ்டைல்ஷீட்டின் மேல் மட்டத்தில் குளோபல் வேரியபிளாகவும், நடுவில் இருப்பதை ‘இஃப்’ டேகுக்குள் இன்னொரு வேரியபிளாகவும் எழுதுவார். எரர் வராது. சந்தோஷமாக ரன் பண்ணுவார். 95 வாங்கிய பொண்ணுக்கும் ‘அரியர்’ என்று வரும்!

ஏன்? இஃபுக்குள் எழுதியது பழைய முடிவின் மேல் எழுதப்படவில்லை. அதே பெயரில் புதிதாக ஒரு வேரியபிள் பிறந்திருக்கிறது. அதன் ஆயுள் அந்த இஃப் மூடும் டேக் வரைதான். வெளியே வந்ததும் குளோபல் ‘அரியர்’ மறுபடி கண்ணுக்குத் தெரிகிறது. ஒரே பெயரில் இரண்டு பேர் இருக்கும் வகுப்பில் அட்டெண்டன்ஸ் எடுத்த கதைதான்.

மேலே குளோபல் எதுவும் இல்லாமல் இஃபுக்குள் மட்டும் எழுதினால்? ‘அப்படி ஒரு வேரியபிளே இல்லை’ என்று எரர் வந்து நிற்கும். நியாயமாகப் பார்த்தால் அதுதான் நல்லது. சத்தம் போடுகிற தப்பு, சத்தமில்லாத தப்பைவிடத் தேவலை.

கண்டிஷனைத் தூக்கி உள்ளே போடு!

தீர்வு ரொம்ப சிம்பிள். வேரியபிளைக் கண்டிஷனுக்குள் வைக்காதீர்கள். கண்டிஷனை வேரியபிளுக்குள் வையுங்கள்.

வேரியபிள் ‘முடிவு’
    சூஸ்
        வென் (மார்க் >= 50) : பாஸ்
        அதர்வைஸ் : அரியர்
வேரியபிள் முற்றும்

பார்த்தீர்களா? முடிவு என்ற வேரியபிள் ஒரே இடத்தில்தான் பிறக்கிறது. பிறக்கும்போதே முழு மதிப்போடு பிறக்கிறது. ‘எப்போ மாத்தணும்?’ என்கிற கேள்விக்கு இங்கே வேலை இல்லை. ‘இது என்ன?’ என்ற ஒரே கேள்விதான். பதில், ‘50 இருந்தா இது, இல்லேன்னா அது’. அவ்வளவுதான் மேட்டர்.

எக்ஸ்எஸ்எல்டியின் ‘இஃப்’ டேகுக்கு ‘எல்ஸ்’ கிடையாது என்பதையும் நோட் பண்ணிக்கொள்ளுங்கள். இரண்டு பக்கமும் பதில் வேண்டும் என்றால் ‘சூஸ்’தான் கதி. அதிலும் வரிசை முக்கியம். மேலிருந்து பார்த்துக்கொண்டே வந்து, முதலில் உண்மையாகும் ‘வென்’னோடு நின்றுவிடும். ‘50-க்கு மேல் பாஸ்’ என்பதை மேலேயும், ‘75-க்கு மேல் டிஸ்டிங்ஷன்’ என்பதைக் கீழேயும் எழுதினால், காலேஜ் முழுக்க ஒருத்தருக்குக் கூட டிஸ்டிங்ஷன் வராது. 99 வாங்கியவரும் முதல் வாசலிலேயே ‘பாஸ்’ முத்திரை குத்தப்பட்டு வெளியே அனுப்பப்படுவார். பெரிய எண்ணை மேலே வையுங்கள்.

2007-ல் வந்த 2.0 வெர்ஷனில் இன்னும் வசதி. ‘செலக்ட்’ ஆட்ரிப்யூட்டுக்குள்ளேயே ‘இஃப்... தென்... எல்ஸ்’ என்று ஒரே வரியில் எழுதலாம். அங்கே எல்ஸ் கட்டாயம். ஒவ்வொரு எக்ஸ்பிரஷனுக்கும் ஒரு மதிப்பு இருந்தே ஆகவேண்டும், பாதிப் பதில் செல்லாது என்பதுதான் அதன் அர்த்தம்.

புதிர் பிரியர்களுக்கு ஒரு குட்டித் தீனி. 1.0 காலத்தில் இந்த ஒரு வரி வசதி இல்லையே... என்ன செய்தார்கள்? ஆலிவர் பெக்கர் என்பவர் பெயரால் வழங்கும் ஒரு தந்திரம் உண்டு. உண்மை என்பதை எண்ணாக மாற்றினால் 1, பொய் என்றால் 0. 1-ஐ 1-ஆல் வகுத்தால் 1, 0-ஆல் வகுத்தால் முடிவிலி. ‘பாஸ்’ என்ற சொல்லை 1-ஆம் எழுத்திலிருந்து வெட்டினால் முழுச் சொல் கிடைக்கும். முடிவிலியாம் எழுத்திலிருந்து வெட்டினால் ஒன்றுமே கிடைக்காது. ‘அரியர்’ என்ற சொல்லுக்குக் கண்டிஷனைத் தலைகீழாக்கி இதையே செய்து, இரண்டையும் ஒட்டினால்... இஃபே இல்லாமல் இஃப் ரெடி! ரசிப்பதற்கு சூப்பர். ஆபீஸில் எழுதினால் அடுத்து அந்தக் கோடைப் படிக்கிறவர் உங்களைத் தேடி வருவார், ஜாக்கிரதை.

‘பொய்’யும் மெய்தான்!

இப்போது வருவது பெரிய கண்ணி. ‘அரியர் உண்டா?’ என்று கேட்டு ஒரு வேரியபிள் வைக்கிறீர்கள். சூஸ் போட்டு, உண்டு என்றால் ‘ட்ரூ’, இல்லை என்றால் ‘ஃபால்ஸ்’ என்று டேகுக்குள் எழுதுகிறீர்கள். பிறகு ‘இஃப்’பில் அந்த வேரியபிளை மட்டும் போட்டு, உண்மையாக இருந்தால் சிவப்பு எழுத்தில் காட்டச் சொல்கிறீர்கள். ரிசல்ட்? மொத்த காலேஜும் சிவப்பு!

டேகுக்குள் எழுதினால் வேரியபிளில் போய் உட்காருவது உண்மை/பொய் என்கிற மதிப்பு இல்லை. ஒரு குட்டி மரம். 1.0-ல் அதற்கு ‘ரிசல்ட் ட்ரீ ஃப்ராக்மென்ட்’ என்று பெயர். அதற்குள் ‘ஃபால்ஸ்’ என்ற எழுத்துகள் இலை மாதிரி தொங்கிக்கொண்டிருக்கும். ‘இஃப்’ இலையைப் படிப்பதில்லை. ‘மரம் இருக்கா?’ என்று மட்டும் பார்க்கிறது. இருக்கிறது, ஆகவே உண்மை! உள்ளே இருக்கும் சூஸ் எதையும் தராமல் விட்டு, மரம் காலியாக இருந்தாலும் பதில் உண்மைதான்.

தப்பிக்க வழி? மதிப்பை ‘செலக்ட்’டில் எழுதுங்கள். ‘50 > மார்க்’ என்பதை நேரடியாக செலக்டில் கொடுத்தால் அசல் உண்மை/பொய் வந்து உட்காரும். சூஸ் போட்டே ஆகவேண்டிய இடத்தில், இஃபில் வேரியபிளைச் சும்மா போடாமல் ‘இது ட்ரூ என்ற சொல்லுக்குச் சமமா?’ என்று கேளுங்கள். 2.0-க்குப் பிறகு ‘ஆஸ்’ ஆட்ரிப்யூட்டில் ‘இது பூலியன்’ என்று வேரியபிளுக்கு வகையே குறித்துவிடலாம்.

செலக்டிலும் ஒரு குட்டிக் குழி இருக்கிறது. ‘சிவப்பு’ என்ற சொல்லை மதிப்பாகக் கொடுக்க நினைத்து, உள் மேற்கோள் குறி போடாமல் விட்டால் அது சொல்லாக எடுத்துக்கொள்ளாது. உங்கள் எக்ஸ்எம்எல்லில் சிவப்பு என்ற பெயரில் ஒரு எலிமென்ட் இருக்கிறதா என்று தேடப் போய்விடும். கிடைக்காது. எரரும் வராது. வெறுங்கையோடு திரும்பும். வெளியே ஒரு மேற்கோள், உள்ளே ஒரு மேற்கோள்... இரண்டும் வேண்டும்.

(எலிமென்டுக்குத் தமிழில் பெயரா என்று புருவத்தைத் தூக்காதீர்கள். எக்ஸ்எம்எல்லில் தமிழ் எழுத்திலேயே எலிமென்ட் பெயர் வைக்கலாம். எக்ஸ்எஸ்எல்டி வேரியபிளுக்கும் ‘முடிவு’ என்று தமிழிலேயே பெயர் சூட்டலாம். கட்டளைகள் மட்டும்தான் ஆங்கிலம்.)

பரீட்சைக்கே வராதவர் கதி?

ஜுரம் வந்து ஒருத்தர் பரீட்சை எழுதவில்லை. அவருடைய மார்க் எலிமென்டில் எண்ணுக்குப் பதில் ‘ஏபி’ என்று இருக்கிறது. அல்லது காலியாக இருக்கிறது. அல்லது எலிமென்டே இல்லை. நம்ம சூஸ் என்ன சொல்லும்?

1.0-ல் எண்ணாக மாற்ற முடியாத எழுத்து ‘நேன்’ ஆகிவிடும், அதாவது எண்ணே இல்லாத எண். ‘நேன் 50-க்கு மேலா?’ பொய். ‘50-க்குக் கீழா?’ அதுவும் பொய்! எலிமென்டே இல்லாவிட்டாலும் இரண்டு கேள்விக்கும் பொய்தான். ஆக, இரண்டு தனித்தனி இஃப் போட்டவரின் பக்கத்தில் அந்த மாணவருக்கு ஒன்றுமே அச்சாகாது. சூஸ் போட்டவரின் பக்கத்தில் அவர் ‘அதர்வைஸ்’ கூடையில் விழுந்து, எழுதாத பரீட்சையில் ‘அரியர்’ ஆகிவிடுவார். ஆப்சென்ட் ஆனவரும் ஃபெயில் ஆனவரும் ஒன்றா?

‘அதர்வைஸ்’ என்பது ‘50-க்குக் கீழே’ என்று அர்த்தமில்லை. ‘மேலே சொன்ன எதிலும் சேராத எல்லாரும்’ என்று அர்த்தம். அந்த எல்லாருக்குள் யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு நிமிஷம் யோசிப்பதுதான் நல்ல புரோகிராமருக்கு அடையாளம்.

நேனைப் பிடிக்க ஒரு ஜோரான வழி உண்டு. உலகத்திலேயே தனக்குத்தானே சமம் இல்லாத ஆள் அவர்தான்! ஆகவே முதல் ‘வென்’னில் மார்க்கை ‘நம்பர்’ ஃபங்ஷனுக்குள் போட்டு, ‘இது இதுக்கே சமம் இல்லையா?’ என்று கேளுங்கள். ஏபி, காலி, இல்லவே இல்லை... மூன்று பேரும் அங்கேயே சிக்கி ‘ஆப்சென்ட்’ ஆவார்கள். பிறகு டிஸ்டிங்ஷன், பாஸ் என்று வரிசையாக வந்து, கடைசியில் மிஞ்சுகிறவர் நிஜமாகவே அரியர்தான்.

2.0-ல் இந்த ‘ஏபி’யைச் சும்மா 50-ஓடு ஒப்பிட்டால், பேசாமல் பொய் சொல்லாது. எரர் காட்டி நிற்கும். எலிமென்டே இல்லை என்றால் மட்டும் அங்கேயும் பழைய மௌனம்தான்.

மொய் நோட்டுப் பாடம்

“எல்லாம் சரி பாஸ், டோட்டல் எப்படிப் போடுறது? மொத்தம் = மொத்தம் + மார்க்னு எழுத முடியாதே!”

நல்ல கேள்வி. வெறும் கூட்டல் என்றால் ‘சம்’ ஃபங்ஷன் இருக்கிறது, ஒரே வரியில் முடிந்தது. ரேங்க் போடணுமா? கவுண்ட்டர் வேண்டாம். ‘என்னைவிட அதிக மொத்தம் வாங்கியவர்கள் எத்தனை பேர்?’ என்று எண்ணி, ஒன்று கூட்டுங்கள். அதுதான் ரேங்க்! சம மார்க் வாங்கிய இருவருக்கும் தானாகவே ஒரே ரேங்க் வரும்.

ஜிபிஏ போடுவதுதான் கொஞ்சம் இழுக்கும். ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட்டை கிரேடு பாயின்டால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டி, மொத்த கிரெடிட்டால் வகுக்க வேண்டும். 1.0-ல் இதற்கு வழி, ஒரு டெம்ப்ளேட் தன்னையே கூப்பிடுவது. அதாவது ரிகர்ஷன்.

பயப்படாதீர்கள். கல்யாண வீட்டில் மொய் நோட்டு பார்த்திருப்பீர்களே? ஒரு பக்கம் நிரம்பியதும் கீழே மொத்தம் போடுவார்கள். அடுத்த பக்கத்தின் தலையில் ‘முன்பக்க மொத்தம்’ என்று அதை எழுதிவிட்டுத் தொடர்வார்கள். பழைய பக்கத்தின் எண்ணை யாரும் அழிப்பதில்லை. அழித்தால்தான் சண்டை வரும்! ஒவ்வொரு பக்கத்திலும் ‘மொத்தம்’ என்று ஒரு எண் இருக்கிறது. எந்தப் பக்கத்திலும் அது மாறவில்லை. கடைசிப் பக்கத்தில் விடை இருக்கிறது.

ரிகர்ஷனும் அப்படியே. கிரெடிட் 4, 3, 3. பாயின்ட் 9, 8, 7 என்று வைத்துக்கொள்ளுங்கள். டெம்ப்ளேட்டை முதலில் 0-வோடு கூப்பிடுகிறோம். அது 36-ஐக் கூட்டி, ‘முன்பக்க மொத்தம் 36’ என்று தன்னையே மறுபடி கூப்பிடுகிறது. அது 24-ஐச் சேர்த்து 60 என்று அனுப்புகிறது. அடுத்தது 21-ஐச் சேர்த்து 81. பாடம் தீர்ந்தது, 81-ஐ 10-ஆல் வகுத்தால் 8.1. மூன்று பக்கம், மூன்று மொத்தம், ஒரு அழித்தல் கூட இல்லை.

2.0-ல் இந்தச் சுற்று எதுவும் வேண்டாம். ‘ஒவ்வொரு பாடத்துக்கும் கிரெடிட் பெருக்கல் பாயின்ட்’ என்று ‘ஃபார்’ எக்ஸ்பிரஷன் எழுதி, அதை ‘சம்’முக்குள் போட்டால் போதும். லட்சம் வரிகள் உள்ள பெரிய ஃபைலில் ரிகர்ஷன் ஆழமாகப் போய் ஸ்டாக் நிரம்பிவிடும் அபாயம் உண்டு. அதற்காகவே 3.0-ல் ‘இட்டரேட்’ என்று ஒரு கட்டளை வந்தது. மொய் நோட்டு முறைதான், ஆனால் பழைய பக்கங்களைச் சுமக்காமல் போகும்.

இன்னொன்று. ‘ஃபார் ஈச்’ டேகைப் பார்த்து ‘ஆஹா, லூப்!’ என்று துள்ளாதீர்கள். ஒரே ஆள் 60 தடவை சுற்றி வருகிற வேலை இல்லை அது. 60 பேருக்கு ஆளுக்கொரு பேப்பர் கொடுத்து, தனித்தனியாக எழுதச் சொல்வது மாதிரி. ஒருத்தர் பேப்பரில் எழுதியதை அடுத்தவர் பார்க்க முடியாது. காப்பி அடிக்க வழியே இல்லாத ஹால்!

ஏன் இந்தப் பிடிவாதம்?

மதிப்பு மாறாது என்றால், வரிசையும் முக்கியமில்லை. 500-வது மாணவரின் பக்கத்தை முதலில் தயாரித்தாலும், 1-வது மாணவரின் பக்கத்தைக் கடைசியில் தயாரித்தாலும் விடை ஒன்றே. பிராசசர் தன் இஷ்டப்படி வேலையைப் பிரித்துக்கொள்ளலாம். உங்களுக்கும் லாபம் உண்டு. ஒரு மாணவர் வந்து, “சார், எனக்கு ஏன் அரியர்னு வந்திருக்கு?” என்று கேட்டால், 800 வரிகளில் ‘முடிவு எங்கே மாறிச்சு?’ என்று தேட வேண்டாம். முடிவு பிறந்த இடம் ஒன்றே ஒன்று. அங்கே போய்ப் பார்த்தால் காரணம் எழுதியிருக்கும்.

இந்தப் பழக்கம் எக்ஸ்எஸ்எல்டியோடு நிற்காது. எக்செல்லில் ஒரு கட்டத்தில் இஃப் ஃபார்முலா போடுகிறீர்களே, அதுவும் இதே சிந்தனைதான். எஸ்க்யூஎல்லில் ‘கேஸ் வென்’ எழுதுவதும், ஜாவாஸ்கிரிப்டில் ‘கான்ஸ்ட்’ போட்டு எழுதுவதும் இதே குடும்பம். இங்கே பழகிய கை அங்கேயும் பேசும்.

பாக்கெட்டில் வெச்சுக்கோங்க!

* கண்டிஷன் வேரியபிளுக்குள்ளே. வேரியபிள் கண்டிஷனுக்குள்ளே போனால் வெளியே வராது.

* உண்மை/பொய் என்றால் செலக்டில் எழுதுங்கள். டேகுக்குள் எழுதினால் பொய்யும் மெய்யாகும்.

* சொல்லை மதிப்பாகக் கொடுத்தால் இரட்டை மேற்கோள் கவசம் கட்டாயம்.

* கண்டிஷனில் ‘சிறியது’ குறியை அப்படியே போட்டால் எக்ஸ்எம்எல் கோபித்துக்கொள்ளும். அதற்கான மாற்றுக் குறியீட்டை எழுதுங்கள். அல்லது இரு பக்கத்தையும் திருப்பிப் போட்டு ‘பெரியது’ குறியாக்குங்கள்.

* அதர்வைஸில் யார் விழுவார்கள் என்று எப்போதும் ஒருமுறை எண்ணிப் பாருங்கள்.

பழகிப் பார்க்க காசு வேண்டாம். 1.0-க்கு ‘எக்ஸ்எஸ்எல்டிபிராக்’, 3.0 வரைக்கும் சாக்சனின் ஹெச்இ பதிப்பு. இரண்டும் இலவசம். இந்த வீக் எண்டில் உங்கள் போன செமஸ்டர் மார்க்கை ஒரு குட்டி எக்ஸ்எம்எல்லாக டைப் பண்ணுங்கள். நடுவில் ஒரு பாடத்துக்கு மார்க் போடாமல் வேண்டுமென்றே காலியாக விடுங்கள். பிறகு ஸ்டைல்ஷீட் எழுதி, ரேங்க்கும் ஜிபிஏவும் போட்டுப் பாருங்கள். அந்தக் காலியான பாடத்துக்கு உங்கள் புரோகிராம் என்ன தீர்ப்பு சொல்கிறது என்று கவனியுங்கள். ‘ஆப்சென்ட்’ என்று வந்தால் காலரைத் தூக்கி விட்டுக்கோங்க. ‘அரியர்’ என்று வந்தால்... போன மார்க்கு உங்களுடையதுதானே, இன்னொருத்தர் மார்க்கில் கை வைப்பதற்கு முன்னால் அதர்வைஸை ஒருமுறை திருத்திடுங்க!